மில்லு முதுகு

அமெரிக்காவின் கேரி நகரத்து எஃகு மில்லில் வேலை பார்த்த ஆண்கள் யாருக்கும் முதுகு நேராக நின்றதில்லை. நாற்காலியை விட்டு எழும்போது ஒரு முனகல், காரில் ஏறும்போது ஒரு முனகல். என்ன ஆச்சு என்று கேட்டால் "மில்லு முதுகு" என்பார்கள். அந்த இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள்.

எல்டன் ரக்கரின் அப்பா ஓடெல் அறுபது ஆகுமுன்பே படுக்கையில் விழுந்தார். எலும்பெல்லாம் வலிக்கிறது என்று துடித்தவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அப்போதும் ஊர் அதையே சொன்னது, மில்லு மனுஷனின் முதுகை முறித்துவிட்டது என்று. எல்டனும் அதைத்தான் நம்பினான். நம்பியதோடு நிற்காமல் யூனியன் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கப்பாவைக் கொன்னது இந்த மில்லுதான்" என்று தொண்டை கிழியப் பேசியவன் அவன்.

அதனால்தான், மருத்துவமனையில் அந்த நர்ஸ் பெண் "குடும்பத்துல யாருக்காவது புராஸ்டேட் கேன்சர் இருந்திருக்கா?" என்று கேட்டபோது அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யாருக்கும் இல்லை என்றான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது, பாவம்.

அன்றைக்கு அவனுக்கு வந்த கோபமெல்லாம் டாக்டர் நோவாக் மேல்தான். அந்தம்மா பொறுமையாகத்தான் பேசினாள். கட்டி புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, வெளியே பரவவில்லை. ஊசியால் எடுத்த சதையைச் சோதித்து, மூன்றும் நான்கும் ஏழு என்று மார்க் போட்டிருக்கிறார்கள். பத்துக்கு ஏழா, பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு வாங்கினதில்லையே என்றான் எல்டன். இந்தக் கணக்கில் ஆறுதான் ஆரம்பம், ஏழு என்றால் இரண்டாம் படி என்று அவள் விளக்கினாள். பிறகு வழிகளைச் சொன்னாள்.

ஒன்று, இப்போதைக்குத் தொடாமல் விட்டு, கண்ணை எடுக்காமல் கவனித்துக்கொண்டே இருப்பது. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மறுபடி ஊசி. வளர்கிற மாதிரி தெரிந்தால் அப்போது கை வைக்கலாம். இல்லையென்றால் ஆபரேஷன், சுரப்பியையே எடுத்துவிடுவது. அதில் சிறுநீர் கசியலாம். பலருக்குச் சில மாதத்தில் நின்றுவிடும், சிலருக்கு நிற்பதில்லை. படுக்கையறையில் பழைய மாதிரி இருக்க முடியாமலும் போகலாம். அதுவும் வேண்டாமென்றால் கதிர். வெளியிலிருந்து பாய்ச்சலாம், அரிசிமணி அளவு கதிர் விதைகளை உள்ளேயே வைத்தும் விடலாம். கசிவு குறைவு, ஆனால் குடலில் எரிச்சல் வரலாம். படுக்கையறைச் சமாசாரம் அதிலும் போகும், என்ன, கொஞ்சம் மெதுவாகப் போகும்.

"சரி, நான் எதைச் செய்யணும்?" என்று கேட்டான்.

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றாள் டாக்டர்.

எல்டனுக்குக் காது சிவந்தது. "பிளம்பரைக் கூப்பிட்டா, குழாயை மாத்தலாம், ஒட்டுப் போடலாம், அப்படியே விட்டுடலாம், எல்லாம் உங்க இஷ்டம்னா சொல்றான்? படிச்சது நீங்களா நானா?"

பக்கத்தில் இருந்த மனைவி யவெட் அவன் காலை மிதித்தாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு அவசரமில்லை என்றாள். கட்டி சின்னது, மோசமான வகை அதில் கொஞ்சம்தான் இருக்கிறது, குடும்பத்திலும் யாருக்கும் இல்லை என்கிறீர்கள், அதனால் காத்திருந்து கவனிப்பதும் நியாயமான வழிதான், வீட்டில் பேசிவிட்டு அடுத்த தடவை வந்து சொல்லுங்கள் என்றாள். முதல் வழி அவனுக்குத் தேனாக இனித்தது. கத்தி வேண்டாம், கசிவு வேண்டாம், இதைவிட நல்ல செய்தி எது?

எல்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் மில்லில் கிரேன் ஓட்டியவன். கூரைக்கடியில் ஒரு கூண்டு, அதற்குள் அவன், கீழே சங்கிலியில் தொங்கும் எஃகுச் சுருள். சுருளுக்குப் பின்னால் ஆள் நிற்கிறானா, வண்டி நிற்கிறதா, மேலே இருப்பவனுக்குத் தெரியாது. கீழே நின்று கைஜாடை காட்டுகிறவர்தான் அவனுக்குக் கண். கையை மடக்கினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் இறக்கு. அந்தக் கையை நம்பி எல்டன் காலமெல்லாம் வேலை பார்த்தான், ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிக் கீழே நின்று கை காட்டியவர் வேறு யாருமில்லை, அவன் அப்பாவின் தம்பி கிளியோஃபஸ். எல்லாருக்கும் கிளீ. எல்டனுக்குச் சித்தப்பா.

விஷயம் எப்படியோ கசிந்து ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். தேவாலயத்தில் ஒருவர் பூசணி விதையை அரைத்துக் குடிக்கச் சொன்னார். யவெட்டின் அண்ணன், கத்தி பட்டால் காற்றுப் பட்டு கேன்சர் பரவும் என்றான். உன் மூளைக்குக் காற்றுப் பட்டிருந்தால் நல்லது என்று எல்டன் பதில் சொல்ல, அவன் போனை வைத்துவிட்டான். இந்தக் கூத்தெல்லாம் போதும், ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று எல்டன் நினைத்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளீ வீட்டில் மீன். சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி, பக்கத்தில் ஸ்பகெட்டி, காரச் சாறு. எண்பதைத் தாண்டியும் மீனை அவர்தான் பொரிப்பார், வேறு யாரையும் அடுப்பிடம் விடமாட்டார். யவெட் முன்னறையில் சித்தியோடு உட்கார்ந்திருந்தாள். எல்டன் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். சொல்லும்போதே சிரித்தான். கவனிச்சுக்கிட்டே இருக்கப் போறோம் சித்தப்பா, நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே, அதனால அவசரமில்லேன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டா என்றான்.

கிளீ மீனைத் திருப்பவில்லை. எண்ணெய் சடசடத்தது. மீன் பழுப்பாகி, கருத்து, புகையத் தொடங்கியது. அவர் கையில் இடுக்கி அப்படியே நின்றது. கடைசியில் அடுப்பை அணைத்தார்.

"காத்திருக்காதே. எடுத்துடு" என்றார்.

"ஏன்?"

"உங்கப்பனுக்கு வந்தது மில்லு முதுகு இல்லடா."

பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிமுடித்தார். ஓடெலுக்கும் அதே இடத்தில்தான் வந்தது. கண்டுபிடிக்கும்போது முதுகெலும்பு வரை ஏறியிருந்தது. ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று கிளீதான் சிகாகோவுக்குக் காரோட்டிக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போதும் வரும்போதும் அண்ணன் சத்தியம் வாங்கினார், என் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, ஓடெல் ஆம்பளையாய் இருக்கமுடியாமல் செத்தான் என்று யாரும் பேசக்கூடாது என்று. மில்லு முதுகு என்று சொன்னவர் ஓடெலேதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

எல்டன் சித்தப்பாவின் கால்சட்டையைப் பார்த்தான். கறுப்பு. கோடையிலும் கறுப்பு, கல்யாணத்திலும் கறுப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் மர நாற்காலியில்தான் உட்காருவார், உட்காருமுன் கையிலிருக்கும் செய்தித்தாளை மடித்துக் கீழே போட்டுக்கொள்வார். கிளீக்குச் சோபா ஆகாது என்று எல்லாரும் கேலி பேசுவார்கள். குடும்பமே பஸ் பிடித்து மெம்பிஸ் போகும் ஒன்றுகூடலுக்கு அவர் வருவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது.

"உங்களுக்குப் பண்ணாங்களே ஹெர்னியா ஆபரேஷன். அது ஹெர்னியாவா?"

கிளீ தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

இப்போது வந்தது கோபம். டாக்டர் மேல் வந்ததெல்லாம் இதன் முன்னால் தூசு. எல்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட முன்னறையில் இருந்தவர்களுக்குப் பரவாயில்லை என்றிருக்கும். அடித்தொண்டையில் பேசினான்.

"நான் மேல கண்ணு தெரியாம சுமையைத் தூக்கிட்டு நிக்கறேன். நீங்க கீழ நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு, கையை பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டிருந்தீங்க."

"சத்தியம் பண்ணிட்டேன்டா."

"செத்தவருக்குப் பண்ணீங்க. உயிரோட இருக்கறவன் நான்."

கருகிய மீனை அப்படியே விட்டுவிட்டு அவன் யவெட்டைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் மில்லின் புகைபோக்கிகள் தெரிந்தன. இத்தனை வருஷம் அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்துத்தான் பல்லைக் கடித்தான். அது ஒன்றும் யோக்கியமான இடமில்லை, எத்தனையோ பேரைத் தின்றதுதான். ஆனால் அப்பாவைத் தின்றது அது இல்லை. வெறுப்புக்குக்கூடத் தப்பான முகவரியைக் கொடுத்துவிட்டார்களே என்று அவன் சொல்ல, யவெட் காரை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் டாக்டருக்குப் போன் செய்தவளும் அவள்தான். எல்டனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்பா, சித்தப்பா இரண்டு பேருக்கும் என்றால் கணக்கு மாறுகிறது என்றாள். இன்னொன்றும் கேட்டாள்.

"உங்க குடும்பத்துப் பெண்கள்ல யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கா?"

எல்டனுக்குச் சுள்ளென்று வந்தது. "நான் கேக்கறது ஆம்பளைங்க சமாசாரம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வந்திருக்கா, மிஸ்டர் ரக்கர்?"

"என் தங்கச்சி டெல்லாவுக்கு வந்தது. போயிட்டா. நாப்பத்தஞ்சுகூட ஆகல."

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். சில குடும்பங்களில் ஒரே கோளாறு ரத்தத்தில் இறங்கி வரும். ஆணிடம் புராஸ்டேட்டில் வரும், பெண்ணிடம் மார்பில் வரும். அப்பாவிடமிருந்து மகனுக்கு வருகிற மாதிரியே மகளுக்கும் வரும். உங்கள் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இனி எதையும் முடிவு செய்ய வேண்டும். முடிந்தால் உங்கள் சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள், அப்பாவைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

போன் அணைந்ததும் எல்டன் எழுந்து பின்வாசலுக்குப் போய்க் கதவை உதைத்தான். கதவு கீலோடு ஆடியது. டெல்லா கடைசியாகக் கேட்டது அவன் காதில் இருந்தது. நம்ம வீட்டுல யாருக்கும் இல்லாதது எனக்கு மட்டும் ஏன்டா வந்தது என்று கேட்டிருந்தாள். அவனும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியலையேம்மா என்று அழுதான். தெரிந்தவர் அந்த அறைக்கு வெளியே, வராந்தா நாற்காலியில், செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"அவரை நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றான்.

"நர்ஸ் கேட்டப்ப டெல்லா பேரை நீ சொன்னியா?" என்று யவெட் கேட்டாள்.

"அவ கேட்டது புராஸ்டேட்டைப் பத்தி."

"பொம்பளை நோவு இதுல எங்க வருதுன்னு நினைச்சே. அவரு மூடினாரு, நீ விட்டுட்டே. போய்க் கூட்டிட்டு வா."

ரத்தம் கொடுத்து, முடிவு வந்து, டாக்டர் கூப்பிட்டனுப்பச் சில வாரம் ஆயிற்று. அதுவரை எல்டன் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீனுக்கும் போகவில்லை. யவெட் மட்டும் போய்விட்டு வந்து, மாமா இப்போது மீனை அடிக்கடி கருக்கிவிடுகிறார் என்று சொன்னாள். கருகட்டும் என்றான்.

போகவேண்டிய நாளன்று கிளீ வாசலிலேயே தயாராக நின்றார். தொப்பி, கறுப்புக் கால்சட்டை, கக்கத்தில் செய்தித்தாள். யவெட் பின்னால் ஏறிக்கொள்ள, அவர் முன்கதவைத் திறந்து, செய்தித்தாளை நாலாக மடித்து இருக்கையில் விரிக்கப் போனார்.

"அதை எடுங்க" என்றான் எல்டன்.

கிளீ தயங்கினார்.

"சீட்டுதானே. கழுவிக்கலாம். எடுத்து வெளிய போடுங்க சித்தப்பா, எனக்கு ஆத்திரமா வருது அதைப் பார்த்தா."

பெரியவர் செய்தித்தாளைக் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டு, முள்மேல் உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

அங்கே அதே நர்ஸ் பெண் வந்தாள். பெரியவரிடம் குனிந்து, உங்கள் அண்ணனுக்கு என்ன வந்தது என்று கேட்டாள். பழகிய நாக்கு. "மில்லு முதுகு" என்றார் கிளீ. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

எல்டன் அவர் பக்கம் திரும்பவில்லை. "பேரைச் சொல்லுங்க" என்றான்.

"அந்தச் சின்னப் பொண்ணு முன்னாலயா?"

"நான் பார்க்காத பேஷண்டா, தாத்தா" என்றாள் அந்தப் பெண். "சொல்லுங்க."

கிளீ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். புராஸ்டேட் கேன்சர் என்றார். எலும்புக்குப் போயிடுச்சு, எனக்கும் வந்தது, எடுத்துட்டாங்க என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அண்ணனைச் சிகாகோவுக்குக் கூட்டிப்போன கதை, திரும்பி வரும்போது பாலத்தில் காரை நிறுத்தச்சொல்லி ஓடெல் வாந்தி எடுத்தது, எல்லாம். இவ்வளவும் அந்த வாய்க்குள் எப்படி இத்தனை வருஷம் இருந்தது என்று யவெட்டுக்கு ஆச்சரியம்.

டாக்டர் நோவாக் வந்து விஷயத்தைச் சொன்னாள். எல்டன் ரத்தத்தில் அந்தக் கோளாறு இருக்கிறது. இது இருப்பவர்களுக்குக் கட்டி சாதுவாக உட்கார்ந்திருக்கும் என்று நம்ப முடியாது.

"போன தடவை உங்க இஷ்டம்னு சொன்னேன், கோபப்பட்டீங்க. இப்ப சொல்றேன், காத்திருக்க வேண்டாம். ஆபரேஷனா கதிரான்னு மட்டும்தான் பேச்சு. ரெண்டுலயும் நல்லா வர வாய்ப்பு இருக்கு."

எல்டன் இந்தத் தடவை சண்டை போடவில்லை, கேள்வி கேட்டான். யவெட் எழுதிக்கொடுத்ததை அல்ல, தானே யோசித்து வந்ததை. முதலில் கதிர் வைத்து அது திரும்பி வந்தால் பிறகு வெட்டி எடுக்கலாமா என்றான். முடியும், ஆனால் சிரமம், கதிர் பட்ட இடம் ஒட்டிக்கொள்ளும், கசிவும் அதிகம் என்றாள். முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்தால் கதிர் வைக்கலாமா? வைக்கலாம், அது வழக்கம்தான் என்றாள். எடுத்தால் சித்தப்பா மாதிரி ஆகிவிடுவேனா என்று கடைசியாகக் கேட்டான்.

டாக்டர் கிளீயைப் பார்த்தாள். கசிவுக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள், பயிற்சி கொடுத்தார்களா, யாரிடமாவது காட்டினீர்களா என்று விசாரித்தாள். கிளீ யாரிடமும் காட்டவில்லை. அதற்கு வைத்தியம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. பயிற்சி இருக்கிறது, அதற்கும் அடங்காவிட்டால் சின்னதாக ஒரு ஆபரேஷன் இருக்கிறது, வெகுகாலமாகவே இருக்கிறது, இந்த வயதிலும் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கலாம் என்றாள் டாக்டர்.

எல்டனுக்கு மறுபடி ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. போகாத மெம்பிஸ் பஸ்கள், உட்காராத சோபாக்கள், ஜூலை வெயிலில் கறுப்புக் கம்பளிக் கால்சட்டை.

"ஒரு தடவை கேட்டிருந்தா போதுமே சித்தப்பா" என்றான்.

"யாருகிட்ட கேக்கறது? ஹெர்னியான்னு சொல்லியாச்சே" என்றார் கிளீ. அவர் குரலிலும் இப்போது கோபம் இருந்தது. அந்த வார்த்தை மேல் அவருக்கும் கோபம்.

எல்டன் டாக்டரிடம் திரும்பினான். "எடுத்துடுங்க. கசிஞ்சா கசியட்டும், மறுநாளே வந்து உங்க உயிரை எடுப்பேன். திரும்பி வந்தா கதிர் இருக்கு. ஒரு கொக்கி விட்டாலும் இன்னொரு கொக்கி மிச்சம் இருக்கணும். என் தொழில்ல அப்படித்தான்."

கிளம்பும்போது டாக்டர் ஒன்றை நினைவுபடுத்தினாள். உங்களுக்கு மகள் இருக்கிறாள் அல்லவா, அவளும் சோதித்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கே சொல்லுங்கள் என்றாள்.

காரில் ஏறியதும் எல்டன் போனை எடுத்தான். மகள் சிமோன் இண்டியானாபொலிஸில் பஸ் ஓட்டுகிறாள். அத்தை டெல்லாவை உரித்து வைத்தவள், அதே நெற்றி, அதே வாய். மணி போய்க்கொண்டிருக்கும்போதே அவன் போனை நீட்டிச் சித்தப்பாவின் மடியில் வைத்தான்.

"நீங்க சொல்லுங்க."

கிளீ நெருப்பு விழுந்த மாதிரி பதறினார். "பொண்ணுகிட்ட எப்படிடா?"

"டெல்லாகிட்ட சொல்லாததை இவகிட்ட சொல்லுங்க."

"அப்பா? ஷிஃப்ட் ஆரம்பிக்கப் போகுது, என்ன?" என்றது போன்.

"சிமோன். அப்பா இல்லம்மா. கிளீ தாத்தா."

"தாத்தாவா? போன்ல பேச மாட்டீங்களே. யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல கண்ணு." அவர் எல்டனைப் பார்த்தார். எல்டன் கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு ஜாடையும் காட்டவில்லை. "உங்க தாத்தா ஓடெலுக்கு மில்லு முதுகுன்னு சொல்லுவோமே."

"ஆமா?"

"அது இல்லம்மா."

"பின்ன என்ன?"

கிளீயின் கை கக்கத்துச் செய்தித்தாளைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது. பிறகு பேரைச் சொன்னார், முணுமுணுக்காமல், மில்லுச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரலில். எனக்கும் அதுதான் என்றார். உங்கப்பனுக்கும் அதுதான், ஆனா வெட்டி எடுத்துடப் போறாங்க என்றார். டெல்லா அத்தைக்கும் அதே ரத்தத்துலருந்துதான் வந்திருக்கும்னு தோணுது, நீ பஸ்ஸை ஓரமா நிறுத்தும்மா, இன்னும் சொல்லணும் என்றார்.

"நான் இன்னும் பஸ்ல ஏறவே இல்ல தாத்தா" என்றாள் சிமோன். அவள் குரல் சின்னதாகிப் போயிருந்தது. "சொல்லுங்க."

எல்டன் சாவியைத் திருப்பவில்லை. அவன் கோபம் அப்படியேதான் இருந்தது. இன்னும் நெடுநாள் இருக்கும். ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை காரைக் கிளப்பக் கூடாது என்று ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.